ஊசி போட்டாச்சு, அப்புறம்? செல்லப்பிராணிகளின் செவிலியப் பராமரிப்பு பற்றி

"நாய்க்கு நர்ஸா?" என்று கேட்டால் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி இப்போது இரண்டு திசையிலிருந்து வந்து நிற்கிறது. ஒன்று, செல்பேசியில் ஓடும் விளம்பரங்கள்: வீட்டுக்கே வந்து தடுப்பூசி, வீட்டுக்கே வந்து டிரிப்ஸ், சில வார இணைய வகுப்பில் 'வெட்னரி நர்சிங்' சான்றிதழ். இன்னொன்று, தெருநாய் வழக்கு. பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி எல்லாம் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் உள்ளவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் இதற்கு விலக்கு என்றும் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விவாதம் முழுக்க அறுவைசிகிச்சை வரை வந்து நின்றுவிட்டது. அறுத்த நாயை அடுத்த சில நாள் யார் பார்ப்பது என்று கேட்டவர்கள் குறைவு.

இரண்டு குழப்பத்துக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். நம் பக்கம் நோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து எழுதவும் ஆள் உண்டு. திருநெல்வேலியை ஒட்டிய ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. நகரத்தில் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. சின்ன ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம், மக்கள் வாயில் மாட்டாஸ்பத்திரி. இல்லாதது, மருந்து எழுதின பிறகு அந்த உயிரின் பக்கத்தில் இருந்து கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள். அந்த வேலை சத்தமில்லாமல் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அது தனி வேலை என்று அவரிடம் யாரும் சொல்வதும் இல்லை.

மருத்துவர் வேலை, செவிலியர் வேலை

நோய் இன்னது என்று முடிவு செய்வது, மருந்தும் அளவும் எழுதுவது, அறுவைசிகிச்சை செய்வது ஆகியவை மருத்துவருடையவை. அதற்குத்தான் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அந்த முடிவுகளை மணிக்கு மணி நடத்திவைப்பது செவிலியம். காய்ச்சலையும் மூச்சையும் அளப்பது, டிரிப்ஸ் ஓடும் வேகத்தைப் பார்ப்பது, மயக்கத்தில் இருக்கும் பிராணியின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எழுந்திருக்க முடியாததைப் புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பிடாததைச் சாப்பிட வைப்பது, வலி இருக்கிறதா என்று முகத்தையும் நிற்கும் விதத்தையும் பார்த்துக் கணிப்பது. கடைசியாக, இன்றைக்கும் நேற்றைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிவைத்து மருத்துவரிடம் சொல்வது.

பிரிட்டனில் இதற்கு 1961இல் முறையான பயிற்சித் திட்டம் வந்தது. முதலில் உதவியாளர் என்ற பெயர்தான். 1984இல்தான் கால்நடைச் செவிலியர் என்ற பட்டம் கிடைத்தது. நம் ஊரில் மனிதருக்கான செவிலியரைப் பதிவு செய்யச் சென்னை மாகாணத்தில் 1926லேயே சட்டம் வந்தாயிற்று. 1947இல் நாடு முழுவதற்கும் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. நெல்லை, கன்னியாகுமரிச் சீமையில் குடும்பத்தில் ஒரு நர்ஸ் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிராணிகளின் செவிலியருக்கு மட்டும் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு பதிவேடு இன்று வரை இல்லை.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984 என்பதுதான் அடிப்படை. அதன் 30ஆம் பிரிவை இப்படிப் படிக்கலாம்:

1. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யக் கூடாது. நாய், பூனையும் இதில் அடக்கம்.

2. ஒரு விலக்கு உண்டு. கால்நடைத் துறையோ கால்நடை நிறுவனமோ தந்த டிப்ளமோ அல்லது சான்றிதழ் வைத்திருக்கும் மேற்பார்வையாளர், உதவியாளர் போன்றவர்கள் 'சிறு கால்நடைச் சேவைகள்' செய்ய மாநில அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம்.

3. சிறு சேவை என்று சட்டமே எடுத்துச் சொல்வது தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் மாதிரியான முதல்நிலை உதவிகளை. மாநில அரசு அறிவிக்கை மூலம் இந்தப் பட்டியலை நீட்டலாம்.

4. அதையும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும்தான் செய்ய வேண்டும்.

இந்த நான்காவது வரியைத்தான் விளம்பரங்கள் வசதியாக விட்டுவிடுகின்றன. இணையத்தில் வாங்கின சான்றிதழ் அறிவைத் தரலாம், உரிமையைத் தராது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக வந்து, தானே நோயைத் தீர்மானித்து ஊசி போட்டால் அது சட்டத்துக்கு வெளியே. அரசு அனுமதி பெற்ற உதவியாளர், மருத்துவர் எழுதின சீட்டின்படி, அவர் மேற்பார்வையில், கட்டு மாற்றிவிட்டுப் போனால் கதை வேறு. வீட்டுக்காரர் தன் நாய்க்கு மாத்திரை கொடுப்பதையும் புண் துடைப்பதையும் இந்தப் பிரிவு தொழிலாகப் பார்ப்பதில்லை.

மாட்டாஸ்பத்திரியில் நாம் பார்க்கும் கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் பயிற்சி பெற்றவர்கள்தான். ஆனால் அவர்களுடைய அன்றாடம் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் வண்டியும் முதன்மையாக மாடு ஆடு வைத்திருப்பவர்களுக்காக ஏற்பட்டது. ராத்திரி முழுக்க ஒரு நாய்க்குட்டியின் பக்கத்தில் உட்கார அந்த அமைப்பில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மயக்கம் தெளியும் நேரம்

செவிலியம் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? இதற்கு நல்ல விடை மயக்க மருந்து பற்றிய ஆய்வில் இருக்கிறது. பிரிட்டனில் 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, மயக்கம் கொடுத்த நாய்களில் சுமார் 600க்கு ஒன்றும், பூனைகளில் சுமார் 420க்கு ஒன்றும் இறந்தன. இறந்த நாய்களில் 47 சதவீதமும் பூனைகளில் 61 சதவீதமும் அறுவை முடிந்த பிறகு இறந்தவை. அந்தப் பின்சாவுகளில் பாதி, மயக்க மருந்தை நிறுத்தின மூன்று மணி நேரத்துக்குள் நடந்தவை. பூனைகளில் நாடியையும் ரத்த ஆக்சிஜனையும் கண்காணித்தபோது ஆபத்து குறைந்திருந்தது.

நம் ஊரில் அந்த மூன்று மணி நேரம் எங்கே கழிகிறது? பாதி நேரம் ஆட்டோவில். வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வந்தவர்கள் கருத்தடை முடிந்த கையோடு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாயின் தலை மடியிலிருந்து தொங்கும், கழுத்து மடங்கும், மூச்சுக்குழல் நசுங்கும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்குத் தானாகக் கழுத்தை நிமிர்த்திக்கொள்ளத் தெரியாது. கூட இருப்பவர் செய்ய வேண்டியது கடினமானதே இல்லை: பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்தை நேராக நீட்டி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வருவது.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. தலையைத் தானாகத் தூக்கிப் பிடிக்கும் வரை தண்ணீர் கூடாது, புரையேறும். கட்டில், படிக்கட்டுப் பக்கம் விடக் கூடாது. மே மாத வெயிலிலும் மயக்கத்திலிருக்கும் உடம்பு குளிர்ந்து போகும், அதனால் போர்த்த வேண்டும். ஆனால் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றாமல் பக்கத்தில் வைத்தால் சூடு பொறுக்காமல் நகர அதனால் முடியாது, தோல் வெந்துவிடும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான வேட்டை இனங்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. சீக்கிரம் குளிரும், சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரமும் எடுக்கும். கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்த பூனை கண்ணைத் திறந்தபடியே மயங்கிக் கிடக்கும். விழித்துவிட்டது என்று நினைத்துக் கொஞ்சப் போகாமல், வெளிச்சமும் சத்தமும் இல்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும்.

பார்வோ குட்டியும் சொட்டுக் கணக்கும்

செவிலியம் என்றால் அன்பு காட்டுவது என்று நினைப்பவர்களுக்கு, அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று காட்ட பார்வோ நோயை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளை அதிகம் தாக்கும் வைரஸ் இது. வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல், சாப்பாடு அறவே இல்லை. வைரஸைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. உடம்பு தானாக மீண்டு வரும் வரை தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் குறையாமல் பிடித்து நிறுத்துவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை செத்துவிடும்.

5 கிலோ குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. ஒரு நாளைய இயல்பான தேவை கிலோவுக்கு 60 மி.லி. என்று வைத்தால் 300 மி.லி.

2. தோலைத் தூக்கி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஈறு பிசுபிசுப்பாக இருக்கிறது. மருத்துவர் 8 சதவீத நீரிழப்பு என்று கணிக்கிறார். 5 கிலோவில் 8 சதவீதம் 400 மி.லி.

3. இரண்டும் சேர்ந்து 700. இனி வாந்தியிலும் கழிச்சலிலும் போவது தனி.

4. 700ஐ 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு சுமார் 29 மி.லி.

5. சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. அப்படியானால் நிமிடத்துக்கு 10 சொட்டு, அதாவது ஆறு நொடிக்கு ஒன்று. 60 சொட்டுக்கு ஒரு மி.லி. வரும் மைக்ரோ செட் என்றால் நிமிடத்துக்கு 29.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, "சீக்கிரம் ஏறட்டும்" என்று குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் தள்ளித் திறந்துவிடுகிறார்கள். 5 கிலோ குட்டியின் மொத்த ரத்தமே 400 முதல் 450 மி.லி.தான். அரை லிட்டர் பாட்டில் ஒரே மூச்சில் உள்ளே போனால் நுரையீரலில் நீர் கோக்கும். அதிர்ச்சி நிலையில் வரும் குட்டிக்கு மருத்துவரே முதலில் வேகமாக ஏற்றுவார், ஆனால் பக்கத்தில் நின்று. மூச்சு வேகம் கூடுகிறதா, மூக்கில் தெளிந்த நீர் வருகிறதா, நிலைகொள்ளாமல் தவிக்கிறதா என்று பார்ப்பதும், கூடினால் உடனே உருளையை மூடுவதும்தான் செவிலியர் வேலை. ஊசி குத்தின இடமோ அதற்கு மேலேயோ வீங்கினால் டிரிப்ஸ் நரம்பை விட்டு வெளியே ஏறுகிறது என்று அர்த்தம்; பாதம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் கட்டு இறுக்கம்.

இங்கே பெரும்பாலான கிளினிக்கில் ராத்திரி தங்க வைக்க வசதி இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் ஏற்றிவிட்டு, காலில் வென்ஃப்ளானை (நரம்பில் செருகிய சின்னக் குழாயை) எடுக்காமல் கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். மறுநாள் மறுபடி வர வேண்டும். அப்படியென்றால் ஒரு நாளில் 22 மணி நேரம் குட்டி வீட்டில்தான். "ஊசி போட்டாச்சுல்லா, இனி சரியாயிரும்" என்று விட்டுவிடும் அந்த 22 மணி நேரத்தில்தான் குட்டி பிழைப்பதும் போவதும் தெரிகிறது. கட்டு நனையாமல், கடித்துப் பிடுங்காமல் காப்பது ஒன்று. வாந்தி நின்ற பிறகு மருத்துவர் சொன்ன அளவில் சொட்டுச் சொட்டாக நீர் கொடுப்பது இன்னொன்று. முன்பெல்லாம் குடலுக்கு ஓய்வு என்று நாள் கணக்கில் பட்டினி போடுவார்கள். முதல் நாளிலிருந்தே மூக்கு வழிக் குழாயில் கொஞ்சமாக உணவு கொடுத்த குட்டிகள் சீக்கிரம் தேறியதை 2003இல் வந்த ஓர் ஆய்வு காட்டியபின் அந்தப் பழக்கம் மாறி வருகிறது. குழாய் போடுவது மருத்துவமனைக் காரியம். வீட்டில் ஒரு ஸ்பூன் கஞ்சித் தண்ணீரை நக்குகிறதா என்று பார்க்கலாம், நக்கினால் எழுதி வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது மாதிரி குட்டியின் தலையை அண்ணாத்தி வாயில் ஊற்றக் கூடாது. நேராக நுரையீரலுக்குப் போகும், பார்வோவில் பிழைத்தது நிமோனியாவில் போகும். தலை சமமாக இருக்க, கன்னத்து ஓரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து ஒவ்வொரு மி.லி.யாக, விழுங்கினதைப் பார்த்து அடுத்தது.

அப்புறம் சுத்தம். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றி மணக்க மணக்கக் கழுவினாலும் அதைக் கொல்லாது. டெட்டாலும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கை வழித்து எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வேலை செய்யாது. சிமெண்ட் தரைக்கு இது சரி, மண் முற்றத்துக்கு வழியில்லை. அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிக்காத இன்னொரு குட்டியை ஒரு வருடத்துக்காவது கொண்டுவராமல் இருப்பதுதான் நல்லது.

வீட்டில் அளக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் போதும்.

1. வெப்பம். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் 100 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மனிதர் கணக்கில் 101ஐப் பார்த்துக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுப்பது நடக்கிறது. பூனைக்கு 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்று கொடுத்தால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

2. மூச்சு. தூங்கும்போது நெஞ்சு எழுவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30ஐத் தாண்டிக்கொண்டே போனால் போன் செய்ய வேண்டும்.

3. ஈறு. இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பு. அதற்குக் கீழ்க் கண்ணிமையின் உள்பக்கத்தைப் பார்க்கலாம்.

4. நாடி. தொடையின் உள்பக்கம் கிடைக்கும். நாய்க்கு உடம்பின் அளவைப் பொறுத்து 60 முதல் 140 வரை. பூனைக்கு நெஞ்சில் கை வைத்து எண்ணினால் 140 முதல் 220.

இவற்றோடு சாப்பாடு, தண்ணீர், மூத்திரம், மலம், வாந்தி. நோயில்லாத ஒரு நாளில் ஒரு முறை அளந்து முதல் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் பிறகு வருவது அதிகமா குறைவா என்று தெரியும். "ரெண்டு நாளா சரியில்ல டாக்டர்" என்பதை விட, "நேத்து ராத்திரி பத்து மணிக்கு 103.8, காலையில மூத்திரம் போகல" என்பது மருத்துவருக்கு எவ்வளவோ உதவும்.

வெயில், உண்ணி, வெள்ளம்

பாளையங்கோட்டை வெயிலில் பக் இன நாய் வளர்ப்பது நாய்க்கு நாம் செய்யும் உபகாரம் இல்லை. மூக்கு சப்பையான இனங்கள் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அந்த வழியே அவற்றுக்கு அடைப்பு. உடம்புச் சூடு 105.8ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு. வண்டியைத் தேடுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் காலிலும் ஊற்றி மின்விசிறியைப் போட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். 103க்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் சரிந்து குளிர்ந்து போகும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து நாள் கணக்கில் நீளும். நாய் மூன்றாம் நாளே வாலாட்டும், வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடுவார். பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவுச் சந்திலும் ஏறி முட்டையிடுகிறது, ஆயிரக்கணக்கில். நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை மறந்தால் பாதி வேலைதான் ஆனது. வீட்டில் பூனையும் இருந்தால், நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று டப்பாவைப் படியுங்கள். பூனைக்கு அது விஷம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது மாதிரியான வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு. அந்த நாயின் மூத்திரத்திலிருந்து மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது.

பூனை தனி

பூனை நோயை ஒளித்து வைக்கும். அதனால் இரண்டு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு கல்லீரலில் இறங்கி அதுவே தனி நோயாகிவிடும். ஆண் பூனை மண்ணில் திரும்பத் திரும்பப் போய் முக்கினால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது மூத்திர அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், ராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

மாத்திரையிலும் ஒரு நுணுக்கம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகிச் சுருங்கிவிடும். மாத்திரை கொடுத்ததும் ஐந்தாறு மி.லி. தண்ணீரோ கொஞ்சம் உணவோ உள்ளே போக வேண்டும். கீறுகிற பூனையைத் துண்டில் இறுகச் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டால் ஒருவரே கொடுத்துவிடலாம்.

பார்த்துக்கொள்பவரின் கைக்கு

வாய் மூட முடியாமல், எச்சில் வடிய ஒரு நாய் நிற்கிறது. தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுகிறார். வெறிநோயின் அமைதியான வடிவம் அப்படித்தான் இருக்கும்: தாடை வாதமாகித் தொங்கும், கடிக்கவே கடிக்காது. அறிகுறி வந்த பிறகு நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் ஏறக்குறைய முடியாது. எச்சில் பட்ட கீறலைக் கூடச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிராணிகளோடு தினம் வேலை செய்கிறவர்கள் கடி வாங்குவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்: 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள். போட்டவர்களுக்குப் பின்னால் கடி விழுந்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. கிளினிக்கில் நாயைப் பிடித்துக்கொடுக்கும் பையனுக்கு இதைப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே அதிகம் கடிபடுபவர் அவர்தான்.

தெருநாய்க் கருத்தடையில் இது எங்கே வருகிறது?

2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள்படி உள்ளாட்சிகள் இதைச் செய்கின்றன. வீட்டு நாய்க்குக் கூம்புக் காலர் போடலாம், நக்காமல் பார்க்கலாம், பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரிக்கலாம். தெருநாய்க்கு இவை எதுவும் இல்லை. தானே கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைத்து, கருத்தடை மையத்தில் இருக்கும் நாட்களுக்குள்ளேயே ரத்தம் கசிகிறதா, சாப்பிடுகிறதா, புண் வீங்குகிறதா என்று பார்த்து முடித்தாக வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு மையம் தினம் 10 நாய்க்கு அறுவை செய்து ஒவ்வொன்றையும் நான்கு நாள் வைத்திருக்கிறது என்றால் எப்போதும் 40 கூண்டு நிரம்பியிருக்கும். நாற்பதையும் இரண்டு வேளை பார்க்க, கழுவ, தீனி வைக்க எத்தனை கை வேண்டும்? இத்தனை நாய்க்குக் கருத்தடை முடிந்தது என்று வரும் செய்தியில் அறுவை எண்ணிக்கைதான் இருக்கிறது. கூண்டும் ஆளும் போதாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், வயிறு பிரிந்த நாய் தெருவில் கிடக்கும், அதைப் பார்க்கும் ஊர் அடுத்த முறை நாய் பிடிக்கும் வண்டியை உள்ளே விடாது. அங்கே தேவைப்படுவது கூடுதல் மருத்துவர்களை விட, மேற்பார்வையில் வேலை செய்யும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ராமையன்பட்டியில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், சிகிச்சைக்கு வரும் பிராணிகளும் இருக்கின்றன. செல்லப்பிராணிகளுக்கென்று ஒரு செவிலியப் படிப்பை அங்கே தொடங்குவதற்குக் கட்டடம் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை.

வீட்டுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டியவை

அது வரை விளம்பரம் பார்த்துக் கூப்பிடத்தான் செய்வார்கள். கூப்பிட்டால் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த மருத்துவரின் மேற்பார்வையில் வருகிறார், அவருடைய பதிவு எண் என்ன? சொல்லத் தயங்கினால் அத்தோடு சரி.

2. மருந்துச் சீட்டு எழுதியது யார்? நாயைப் பார்க்காமலேயே பையில் ஆன்டிபயாட்டிக் கொண்டுவருகிறாரா?

3. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வந்ததா? சட்டைப் பையிலிருந்து எடுத்தால் அது வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம். குப்பியின் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்து யார் போடுகிறார்?

4. ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் கையில் என்ன வைத்திருக்கிறார், யாரைக் கூப்பிடுவார்? கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். ஊசி போட்டதும் காசை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பவராக இருந்தால், அடுத்த தவணைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே போய்விடுங்கள்.